கைக்கு எட்டிய சிவப்புப் பொத்தான்

செவ்வாய்க்கிழமை, பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.

இன்று போர்ட் கிள்ளானில் ஒரு மீன் குளிர்க்கிடங்கில் வேலை. ஜெனரேட்டரின் வோல்டேஜ் ரெகுலேட்டருக்குப் போகும் ஒயரில் சின்னதாக ஒரு துணை சிடி, அதாவது கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர், பொருத்த வேண்டும். ஜெனரேட்டர் ஓடும்போது அந்த ஒயரைக் கழற்றினால் ஆளையே தூக்கியடிக்கும்.

"பாஸ், நிறுத்திட்டுச் செய்வோம்" என்றேன்.

"மீன் கெட்டா நீ கட்டுவியா? அஞ்சு நிமிஷ வேலை லா. செல்வம், நீ செய்."

எப்போதும் இப்படித்தான். ஆபத்தான வேலைக்கு இங்கே பிறந்த என்னைக் கூப்பிட மாட்டார். தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்த செல்வம் அண்ணன்தான் கை வைக்க வேண்டும். ஜெனரேட்டரை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் என் தோளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. நான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஸ்க்ரூ தளர்ந்ததும் நீலமாக ஒரு பொறி. அண்ணன் பின்னால் விழுந்தார். வலது உள்ளங்கை கருகிவிட்டது. அதற்குப் பிறகுதான் பொத்தானை அடித்தேன். மீன் ஒன்றும் கெடவில்லை.

கிளினிக் வாசலில் பாஸ், "வெந்நீர் கொட்டிருச்சுன்னு சொல்லு" என்றார். அண்ணன் நர்ஸிடம் அப்படியே சொன்னார். நானும் தலையாட்டினேன்.

சற்று முன் அண்ணன் போனில் செய்தி அனுப்பியிருக்கிறார். "தம்பி, இடது கையால செய்யலாம். நாளைக்கு வரேன்னு பாஸ்கிட்ட சொல்லிரு. பெர்மிட்ட கேன்சல் பண்ணிடப் போறாரு."