ரூட்டரில் மாட்டிய பெட்டி

அப்பா,

அம்மாவுக்கு சூப் பிளாஸ்கில் இருக்கிறது. ஊசி போட நர்ஸ் வருவார், காலிங் பெல் கேட்கிற மாதிரி ஹாலிலேயே இருங்கள்.

ரூட்டரில் புதிதாக ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருக்கிறேன். பிடுங்கிவிடாதீர்கள். விளம்பரங்களைத் தடுப்பதற்கு. உங்கள் போனில் ஒரு ஆப் போட்டால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் 'புற்றுநோய் பறந்தோடும்' என்று டேப்லட்டிலும் டிவியிலும் வந்து நிற்கிறதே. இது வீட்டு வைஃபையில் இருக்கிற எல்லாவற்றுக்கும் சேர்த்து வேலை செய்யும்.

நீங்கள் வரவழைத்த பொடியைக் குடித்துவிட்டு நேற்று முழுக்க அம்மா வாந்தி எடுத்தாள். டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டேன். "நீ என்ன பெரிய டாக்டரா?" என்று கத்தினீர்கள். இல்லைதான். டாக்டரே கையை விரித்துவிட்டாரே, அப்பா.

மொபைல் டேட்டாவில் பார்த்தால் இந்தப் பெட்டியால் தடுக்க முடியாது. என்னாலும் முடியாது.

பி.கு.: சொல்லாதே என்றாள், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பெட்டி மாட்டச் சொன்னதே அம்மாதான். "ஒவ்வொண்ணையும் பாத்துட்டு ஆசையா ஓடி வர்றாருடி. அந்த மூஞ்சியப் பாத்தா வேணாம்னு சொல்ல வாய் வரல. அதான் குடிச்சுத் தொலைக்கிறேன்."