இடக்கைக்காரனுக்காகக் கட்டிய தலையணை

குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்டு ஒன்பது நாள் ஆகிறது. கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விரல்களுக்கு காயு பூத்தே என்கிற வலி எண்ணெயை இன்று காலை மகள் தடவினாள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும், கட்டிலில் உட்கார்ந்திருந்த என் இடது கால் தானாக அரை அடி இடப்பக்கம் நகர்ந்தது. "என்னாம்மா, வலிக்குதா?" என்றாள். இல்லை என்றேன். அவள் அப்பாவை, உங்களை, நினைத்துக்கொண்டேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

வலியைத் தாங்கிக்கொள்வேன். பூசையை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. இத்தனை நாளும் விளக்கை மகள் ஏற்றினாள். வருகிற வெள்ளிக்கு அவள் இருக்க மாட்டாள். கிளேபாங்கில் அவள் வீடும் பிள்ளைகளும் காத்திருக்கின்றன. அம்மனுக்கு இடது கையால் பூ வைக்கலாமா? உங்கள் படத்துக்கு இடது கையால் பொட்டு வைக்கலாமா? யாரிடம் கேட்பது? நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். இந்த மடலைக்கூட இடது கையால்தான் எழுதுகிறேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. எழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் காஜா பெராங்குக்குக் குடிவந்தபோது நீங்கள் ஆற்றோரக் கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தீர்கள். சனிக்கிழமை மாலை ஆனால் திடலில் போட்ட மேடையில் குத்துச்சண்டை. கட்டிக்கொண்டு வந்த பிறகுதான் எனக்கு அது தெரியும். முதல் சண்டைக்கு அழைத்துப் போனபோது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். இரண்டாவதில் விரலிடுக்கால் பார்த்தேன். மூன்றாவதில் எண்ண ஆரம்பித்தேன். பயத்தைத் தாங்க எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். எதிராளி இடது கையை எத்தனை தடவை நீட்டினான், எப்போது மூச்சு வாங்கினான், அடிபட்டால் எந்தப் பக்கம் ஒதுங்கினான் என்று வீட்டுக்கு வந்ததும் கணக்கு நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதி வைத்தேன். ஆளுக்கு ஒரு பக்கம். பருப்புப் பொட்டலத் தாளிலும் கோயில் பாட்டுப் புத்தகத்திலும் எழுத்துக் கூட்டிப் படித்தவளின் எழுத்தைப் பார்த்து நீங்கள் சிரித்தீர்கள். ஆனால் எல்லாப் பக்கத்தையும் படித்தீர்கள்.

மணி அடித்ததும் தலையைக் குனிந்துகொண்டு நேரே போவது ஒன்றுதான் உங்களுக்குத் தெரியும். குள்ளனிடமும் அதே, நெட்டையனிடமும் அதே. பொறுக்க முடியாமல் ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"வீட்டுக்கு வர்றவங்க எல்லாருக்கும் ஒரே காரத்துலயா கறி வைக்கறேன்? உங்க அம்மாவுக்கு மிளகாய் ஆகாது. பக்கத்து வீட்டு மக்சிக்குக்குப் புளி தூக்கலா வேணும். ஆளப் பாத்துத்தானே வைக்கணும்?"

"அப்ப அந்த மூவார் நெட்டையனுக்கு என்னா வைக்கறது?"

"அவன் கை நீளம். எட்ட நின்னா உங்களுக்குத்தான் அடி. ஒட்டிக்கிட்டா அந்த நீளமே அவனுக்கு இடைஞ்சல். மூணு தடவ இடது கைய நீட்டிட்டுத்தான் வலது கைய எடுக்கறான். ரெண்டாவதுலயே உள்ள பூந்துருங்க."

பூந்தீர்கள், ஜெயித்தீர்கள். அடுத்து வந்த மீன்பிடிக்காரன் உங்களைப் போலவே முட்டிக்கொண்டு வருகிறவன். அவனிடம் நீங்கள் போகவே கூடாது, நின்று, வரவிட்டு, விலகி அடிக்க வேண்டும் என்றேன். அதிலும் ஜெயித்தீர்கள். வீட்டுக்கு வந்து, "அடி வாங்கினதுகூட வலிக்கல. சும்மா நின்னதுதான் இடுப்பெல்லாம் வலிக்குது" என்றீர்கள். மேடை மூலையில் உங்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் சாமிக்கண்ணு அண்ணன், "பொண்டாட்டி எழுதிக் குடுத்தாத்தான் அடிப்பியாலா?" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்தச் சண்டையில்தான் உங்கள் வலது கண்ணுக்கு மேலே கிழிந்தது. தையல் ஆறிய பிறகும் அந்தக் கண்ணில் பனி விழுந்த மாதிரி இருக்கிறது என்றீர்கள். பெரிய டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார். இன்னொரு பலமான குத்து அங்கே விழுந்தால் பார்வைக்கு உத்தரவாதம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

விட்டுவிடுவீர்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் மலாய் மண்ணில் சுதந்திரக் கொடி ஏறிய அந்த மாதத்தில் கொண்டாட்டச் சண்டைக்கு உங்கள் பெயரைப் போட்டு நோட்டீஸ் அடித்துவிட்டார்கள். ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் துணிக்கடைச் சுவரில் ஒட்டியிருந்ததை என்னை அழைத்துப் போய்க் காட்டினீர்கள். அச்சில் உங்கள் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை.

"போகாதீங்க" என்றேன்.

"பேரு அச்சாயிருச்சு. இனி நான் போகலன்னா அந்தப் பேரு யாருது?"

எதிராளி சிரம்பான்காரன். சண்டைக்கு மூன்று வாரம் முன்னால் அவன் நம் திடலில் இன்னொருவனோடு மோதினான். உங்களுக்குக் கிடங்கில் வேலை. நான் மக்சிக்கோடு போனேன். அத்தை முறையில் நாம் மக்சிக் என்று கூப்பிட்ட அவர், மலாயோடு கலந்துவிட்ட பழைய தமிழர்களின் செட்டிக் கம்பத்துக்காரர். நெற்றி நிறையத் திருநீறு, பேச்சு முழுக்க மலாய். முதல் ரவுண்டிலேயே தெரிந்துவிட்டது. அவன் இடக்கைக்காரன். இதுவரை வந்தவர்களுக்கெல்லாம் வலது கைதான் பலம். அது உங்கள் இடது பக்கம் வரும், அந்தக் கண் நன்றாகப் பார்க்கும். இவனுடைய இடி இடது கையில் இருந்தது. அது நேராக உங்கள் வலது கண்ணுக்கு, பனி விழுந்த பக்கத்துக்கு வரும்.

எல்லாம் சரியாக எழுதினேன். 'இடக்கை. நம் இடப்பக்கமே சுற்ற வேண்டும். நம் இடது கால் அவன் முன்காலுக்கு வெளியே இருக்க வேண்டும். வலப்பக்கம் ஒரு அடி போனாலும் கெட்டது.' நோட்டில் தப்பு இல்லை. தப்பு கிணற்றடியில் நடந்தது.

ஒவ்வொரு சண்டைக்கும் முன்னால் சாயங்காலம் கிணற்றடியில் நான்தான் எதிராளி. இலவம்பஞ்சுத் தலையணையை வலது கையில் கட்டிக்கொண்டு உங்கள் முகத்துக்கு வீசுவேன், நீங்கள் விலகிப் பழகுவீர்கள். இந்தத் தடவை தலையணையை இடது கையில் கட்ட வேண்டும். கட்டினேன். தூக்கினேன். உங்கள் நெற்றியில் திருநீறு இருந்தது. கை மேலே போகவில்லை. பிச்சைகூட இடது கையால் போடக் கூடாது என்று வளர்ந்தவள், புருஷன் முகத்துக்கு நேரே எப்படி அதை நீட்டுவேன்?

"அட, தலையணைதானே" என்றீர்கள்.

"எனக்கு வரல. வலது கையாலயே வீசறேன். இத இடது கைன்னு மனசுல நெனச்சுக்குங்க."

நீங்கள் சிரித்துக்கொண்டே சரி என்றீர்கள். பத்து நாள் அப்படித்தான் பழகினோம். என் வலது கை வர வர, நீங்கள் உங்கள் வலப்பக்கமாக அழகாக விலகினீர்கள். மனசு எதை நினைத்துக்கொண்டாலும் உடம்பு கண்ணால் கண்டதைத்தான் படித்துக்கொள்ளும் என்பது, அடுப்படியில் பழகிய எனக்குத் தெரியாதா? தெரியும். ஐந்தாம் நாளே மனத்தில் உறுத்தியது. அம்மனிடம் போய் நேர்ந்துகொண்டேனே தவிர, தலையணையைக் கை மாற்றிக் கட்டவில்லை.

மக்சிக்கிடம் மட்டும் சொன்னேன். வெற்றிலையை மென்றபடி அவர் மலாயில் சொன்னதன் பொருள் இதுதான்: "அந்தக் கையையும் கடவுள்தானே கொடுத்தார்? வேறு யாராவதா கொடுத்தார்கள்?" எனக்குக் கோபம் வந்தது.

சண்டை நாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. மணி அடித்தது. நீங்கள் நேரே போகவில்லை. அந்த மட்டும் நிம்மதி. அவன் தோள் அசைந்தது. நீங்கள் வலப்பக்கம் விலகினீர்கள். கிணற்றடியில் விலகிய அதே விலகல். விலகி, அவனுடைய இடது கைக்குள்ளேயே போய் நின்றீர்கள். தாடைக்கு மேலே ஒன்று. மறுபடி அதே பக்கம் விலகினீர்கள், புருவத்தில் ஒன்று. மூன்றாவது காதோரம் போனது. பக்கத்தில் மக்சிக் எழுந்து நின்று, "கிரி! கிரி!" என்று, இடது, இடது என்று, தொண்டை கிழியக் கத்தினார். எண்ணிக்கொண்டிருந்த நான் மூன்றோடு நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் எண்ண முடியவில்லை.

மணி அடித்ததும் எப்படி ஓடினேன் என்று தெரியாது. மூலையில் காயு பூத்தே எண்ணெய் வாசமும் இரத்த வாசமும். சாமிக்கண்ணு அண்ணன் பதறினார். "ஏம்மா, பொம்பளைங்க இங்கல்லாம் வரக்கூடாதும்மா! எல்லாரும் பாக்கறாங்க!"

கயிற்றுக்கு நடுவே கையை விட்டு என் இடது உள்ளங்கையை உங்கள் வலது கன்னத்தில் அழுத்தினேன். "இந்தக் கை. இந்தப் பக்கம். நான்தான் தப்பாப் பழக்கிட்டேன். இது வந்தா அந்தப் பக்கம் போங்க." கையை எடுத்து மறுபடி அழுத்தினேன். நாலைந்து தடவை. அழுத்திய ஒவ்வொரு தடவையும் உங்கள் இடது கால் அரை அடி நகர்ந்தது.

"அப்பாடா," என்றீர்கள், இரத்தத்தைத் துடைத்துக்கொண்டே. "இடது கைய நீட்ட இப்பத்தான் மனசு வந்துச்சா?"

மீதி மூன்று ரவுண்டும் நீங்கள் நீங்களாகவே இல்லை. இடப்பக்கமே சுற்றினீர்கள். உள்ளே போகவில்லை, முட்டவில்லை. வலது கையை மட்டும் நேராக நீட்டிவிட்டு விலகினீர்கள். "சண்டை போடச் சொன்னா ஜோகெட் ஆடறான்!" என்று கூட்டம் கூச்சல் போட்டது. நோட்டீஸில் பார்த்த அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேலி செய்தார்கள். உங்களுக்கு அது கேட்டது, காது சிவந்தது. முன்னே பாய உடம்பு துடித்ததையும் பார்த்தேன். நீங்கள் பாயவில்லை. புள்ளியில் தோற்றீர்கள். நோட்டில் அவனுடைய பக்கத்தின் கடைசி வரியை அன்றைக்கே எழுதினேன்: 'தோல்வி. கண் இரண்டு.'

மறுநாள் சாமிக்கண்ணு அண்ணன் வந்து, "மொத ரவுண்டுல அவன் கைக்குள்ளயே போய் நின்னியே, என்னா ஆச்சு ஒனக்கு?" என்று கேட்டார். நான் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். "எனக்குத்தான் பக்கம் மாறிப்போச்சு" என்றீர்கள், என் பக்கம் திரும்பாமல். அதன் பிறகு யார் கேட்டாலும் அதே பதில்தான். மேடை ஏறுவதையும் அதோடு விட்டீர்கள். கடைசி வாரம்வரை அந்தக் கண்ணால் பேப்பர் படித்தீர்கள். ஒரு நாளாவது நான், 'இல்லை, என்னால்தான்' என்று பிறர் முன்னால் சொல்லியிருக்கலாம். கயிற்றோரம் சொன்னதோடு சரி.

இந்த மடலைத் தொடங்கிச் சில நாள் ஆகிவிட்டது. இன்று வெள்ளி. மகள் நேற்றே போய்விட்டாள். காலையில் விளக்கின் முன்னால் வெகுநேரம் நின்றேன். இடது கையால் திரியைத் தூண்டினேன். இரண்டு தீக்குச்சி வீணானது, மூன்றாவதில் பற்றிக்கொண்டது. அம்மனுக்குப் பூ வைத்தேன். அவள் ஏற்றுக்கொண்டாளா என்று இன்னும் கவலையாகத்தான் இருக்கிறது. பிறகு உங்கள் படத்துக்குப் பொட்டு வைக்க வந்தேன். எதிரே நின்றால் என் இடது கை நேராக உங்கள் வலது கன்னத்துக்குத்தான் வருகிறது. பொட்டு வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை. கண்ணாடி குளிர்ந்திருந்தது.

"இந்தப் பக்கங்க" என்றேன். என் இடது கால் அரை அடி நகர்ந்தது.