மதுரன் பெயருக்கு வந்த பதில்

மேல் டிவிசன்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகள் தனுஜாவுக்கு அம்மா எழுதுவது. நீ இருக்கிற குவைத்தில் வெயில் தணிந்து, உன் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும்.

அன்றைக்கு விடிகாலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற எங்கள் பெரட்டுக்களத்துத் தகரக் கொட்டகையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மலைக்குக் கூட்டிப்போன ஜெயகாந்தன். மூட்டை சுமந்த மாயாண்டி அண்ணன், அழகன், விஜிதரன். கூட்டத்துக்குச் சமைக்கப் போன லோஜினி. அவள் மாமியார் என் தீபாவளிச் சேலையை இரவல் வாங்கிக் கிழித்துக் கொடுத்தவள், அதை நான் மறக்கவில்லை, ஆனாலும் லோஜினி நல்லவள். கொழும்பிலிருந்து வந்து மலை ஏறின ஆறு பேர். அவர்கள் பெயர் என் வாயில் நுழையாது, முகம் ஒன்றும் மறக்கவில்லை. தாடி வைத்த டாக்டர், அவர் பெண்சாதி, ஒரே மாதிரித் தொப்பி போட்ட அக்கா தங்கச்சி, நொண்டிக்கொண்டு வந்த ஒரு மாஸ்டர், சிரிக்கவே சிரிக்காத ஒரு பேங்க்காரர். அடுப்படியில் பக்கத்துக் காம்பிரா வீட்டுக் கௌசியும் நானும். மொத்தம் பதின்மூன்று பேர். உன் மகன் மதுரன் அங்கே இல்லை.

ஃபோனில் நீ கேட்டாய், “அங்கதானேம்மா இருந்தீங்க, எம்புள்ள வரலன்னுகூடவா தெரியல?” என்று. நீ வைத்துவிட்டாய். பன்னிரண்டு நாளாக என் ஃபோனை எடுக்கவும் இல்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. உனக்கு நான் சொல்லவேண்டியதை ஃபோனில் சொல்லவும் முடியாது. ஒரே கூரையின் கீழ் இருக்கிற லயத்தில் ஒரு காம்பிராவில் பேசினால் நாலு காம்பிராவுக்குக் கேட்கும். கௌசியின் தங்கை நிலக்ஷி வெள்ளிக்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். என்னுடையது மூன்றாம் வகுப்புப் படிப்பு. எழுத்தில் பிழை இருக்கும், விஷயத்தில் இருக்காது.

நேற்றுக் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய் மதுரனைப் பார்த்தேன். காய்ச்சல் விட்டுவிட்டது, சோறு இறங்குகிறது. இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை என்பது உனக்குத் தெரியும். புண் காய்கிறது என்றார்கள். “இனிமே ஒத்தச் செருப்பு வாங்கினா போதும் அம்மாயி” என்று என்னிடம் சொன்னான். நர்ஸ் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னதையும் மறைக்காமல் எழுதுகிறேன். எலும்பு முறிந்து, காலுக்கு ரத்தம் ஓடாமல் ரொம்ப நேரம் கிடந்துவிட்டானாம். மூன்று மணி நேரம் முந்திக் கொண்டுவந்திருந்தால் காலைக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்றார். அந்த மூன்று மணி நேரம் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இந்தக் கூட்டம் பட்டிப்பொல ஸ்டேசனில் இறங்கி, முதல் நாள் தேயிலைக்குள்ளே நடந்து, இரண்டாம் நாள் காட்டுக்குள்ளே கூடாரம் போட்டு, மூன்றாம் நாள் விடிகிற நேரத்தில் கொண்டைமலை உச்சியில் நிற்கவேண்டும். பிறகு குறுக்குப் பாதையில் எங்கள் கொட்டகைக்கு இறங்கி, வேனில் போய்விடுவார்கள். உச்சி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. அட்டைக் கடிக்குக்கூட ஒருத்தரும் கத்தவில்லை என்று மாயாண்டி அண்ணன் சொன்னார். உச்சியில் மேகத்துக்கு மேலே சூரியன் வந்ததாம். மதுரன்தான் எல்லோரையும் ஃபோட்டோ எடுத்தானாம். வரிசையின் கடைசி ஆளாக வருவது அவன் வேலை. முன்னால் ஜெயகாந்தன், பின்னால் மதுரன், நடுவில் மற்றவர்கள். அடுத்த வருஷம் வழிகாட்டிப் பரீட்சை எழுதித் தானே கூட்டம் கூட்டிப்போகவேண்டும் என்று இருந்தான்.

இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. டாக்டர் பெண்சாதி ஒரு பாறையில் கைத்தடியை மறந்துவிட்டு வந்திருக்கிறார்கள். “நீங்க போங்க, எடுத்துக்கிட்டுப் பின்னாலயே வாறேன்” என்று மதுரன் திரும்பிப் போயிருக்கிறான். பாசி வழுக்கி ஓடைப் பள்ளத்தில் விழுந்தது அப்போதுதான்.

ஜெயகாந்தன் வேலையில் குறை சொல்லமுடியாது. தினமும் புறப்படும்போது ஒரு தரம், போய்ச் சேர்ந்ததும் ஒரு தரம், தாளைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவான். அன்றைக்கும் பதினொரு மணிபோல கொட்டகையில் நின்று கூப்பிட்டான். மழை தகரத்தில் கொட்டுகிறது. பனிமூட்டம் உள்ளேயே வந்துவிட்டது. எல்லோரும் ஒரே நீல மழைக்கோட்டைத் தலைவரை மூடியிருக்கிறார்கள். முகம் தெரியாது, குரலை வைத்துத்தான் ஆள்.

ஜெயகாந்தன் யார் மகன் என்று உனக்குத் தெரியும். செல்லசாமி கணக்கப்பிள்ளை மகன். குரலும் அப்பன் குரல்தான். இதே கொட்டகையில் அந்த ஆள் விடிகாலையில் பெயரை நீட்டி இழுத்து, கடைசி எழுத்தைச் சட்டென்று வெட்டுவார். மகனும் அப்படியே. நான் அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்து ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன். அழகன், விஜிதரன் என்று வந்து, மதுரன் என்றான். பதில் இல்லை. இன்னொரு தரம் மதுரன் என்றான்.

பெரட்டில் ஒருத்தி வர நேரமானால் பக்கத்தில் நிற்கிறவள் அவளுக்காகப் பதில் சொல்லுவாள். சொல்லாவிட்டால் அன்றைய பேர் விழாது, வேலை கிடையாது. நான் எத்தனையோ பேருக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேன். குரல் மாற்றுவதில் இந்தத் தோட்டத்தில் என்னை மிஞ்ச ஆள் இருந்ததில்லை. போன மாதம் மதுரன் பிந்திப் போனதற்கு, “இன்னொரு தரம் பிந்தினா அடுத்த தடவ நீ கிடையாது தம்பி” என்று ஜெயகாந்தன் சொல்லியிருந்தான். அது மனதில் இருந்தது. கொட்டகைக்குப் பின்னால் ஒரு நீலக் கோட்டு ஒதுங்குவதையும் சற்று முன்தான் பார்த்திருந்தேன், அவன்தான் என்று நினைத்துவிட்டேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். அந்தக் குரல் கூப்பிட்டது, என் வாய் திறந்துகொண்டது. ஆம்பிளைக் குரலில் “வந்தாச்சு” என்றேன்.

கௌசி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஜெயகாந்தன் தாளில் கோடு போட்டான்.

ஒதுங்கிப் போனது அந்தப் பேங்க்காரர். டீயும் ரொட்டியும் முடிந்து வேன் வந்தது. மதுரன் எங்களோடு நிற்கிறான் என்று நினைத்து, ஜெயகாந்தன் அவர்களை ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போனான். பெயருக்குப் பதில் வந்ததால் டாக்டர் பெண்சாதியும் அவன் வந்துவிட்டான், கைத்தடி பைகளோடு வரும் என்று இருந்துவிட்டார்கள். மதுரன் பை ஏற்ற வேனில் போயிருப்பான் என்று அழகன் நினைத்தான், விஜிதரனும் நினைத்தான். நானும் அப்படித்தான் நினைத்து, அவனுக்காக இரண்டு ரொட்டி மூடிவைத்தேன். இரண்டு மணிக்கு ஜெயகாந்தன் தனியாக வந்து இறங்கினான்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஒன்றை மட்டும் யாரும் உனக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். பள்ளத்தில் கயிறு கட்டி இறங்கினதும் ஜெயகாந்தன்தான், மதுரனை முதுகில் கட்டிக்கொண்டு ரோடு வரைக்கும் வந்ததும் அவன்தான். மற்றவர்கள் மாற்றிக்கொள்ளக் கேட்டும் கொடுக்கவில்லை.

இப்போது அவன் ரிமாண்டில் இருக்கிறான். ஆளை எண்ணாமல் விட்டுவிட்டு வந்தான் என்று வழக்கு. “பேர் கூப்பிட்டேன், பதில் வந்துச்சு” என்று சொல்லியிருக்கிறான். பள்ளத்தில் கிடந்தவன் எப்படிப் பதில் சொல்லுவான் என்று பொலிஸ்காரர்கள் கேட்டுச் சிரித்தார்களாம். அழகனையும் விஜிதரனையும் கேட்டால், மழையில் யார் குரல் என்று தெரியவில்லை என்கிறார்கள். பொலிஸ் என்னிடமும் வந்தது. “தன்னே நே மாத்தயா” என்றேன், எனக்குத் தெரியாது என்று. சிங்களத்தில் சொன்னால் பாதிப் பொய்தான் என்று நினைத்துக்கொண்டேனோ என்னவோ. கௌசி என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளும் தெரியாது என்றாள்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். பயம் பாதி. மற்றப் பாதியையும் எழுதிவிடுகிறேன்.

உனக்கு அப்போது பதினொரு வயசு, எல்லாம் தெரிந்திருக்காது. உன் அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அவருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு நான் ஓடுவதற்குள் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது. வரிசையில் பக்கத்தில் நிற்கிற மீனம்மா எனக்காகப் பதில் சொன்னாள். செல்லசாமி குடைக் கம்பியால் ஒவ்வொருத்தி தலைத்துணியாக விலக்கிப் பார்த்து, எங்கள் இரண்டு பேர் பெயரையும் வெட்டினார். பேர் போனால் போகட்டும், உன் அப்பாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றத் தோட்டத்து லொறிக்குத் துண்டுச் சீட்டு எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். “வேலைக்கு வராதவ புருசனுக்கு லொறி எதுக்கு” என்றார், அத்தனை பேருக்கு முன்னால். கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு போனோம். ஆற்றுப் பாலம் தாண்டுவதற்குள் உன் அப்பா போய்விட்டார்.

அந்தச் செல்லசாமி போன புதன்கிழமை பின்னேரம் என் வாசலுக்கு வந்தார். முப்பத்தொரு வருஷத்தில் முதல் தரம். படி ஏறவில்லை, மழையில் குடையோடு நின்றார். உட்காரச் சொல்லவில்லை. “எம்பையன் பொய் சொல்லமாட்டான் அன்னம்மா. நீயும் அங்கதான இருந்த, ஏதாச்சும் கேட்டுச்சா?” என்றார். அடுப்படியில் இருந்தேன், ஒன்றும் கேட்கவில்லை என்றேன். அவர் சொன்னார், “அந்தக் காலத்துல நீ எத்தன பேருக்குப் பதில் சொல்லுவன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பாதி நாள் விட்டிருக்கேன்.”

தெரிந்தும் விட்டாராம். “அப்ப அந்த ஒரு நாள் ஏன் விடல?” என்று கேட்டேன். குடையை மாற்றிப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். நான் கதவில் நின்று அவர் திருப்பம் தாண்டுகிற வரைக்கும் பார்த்தேன். எனக்கு இனித்தது மகளே. உன்னிடம் பொய் சொல்லமாட்டேன், இனித்தது.

நேற்று ஆஸ்பத்திரியில் மதுரன், “ஜெயகாந்தண்ணன் பேர் கூப்பிடாம ஒருநாளும் விட்டதில்ல அம்மாயி. எவனோ எம்பேருக்குப் பதில் சொல்லியிருக்கான். அவன் மட்டும் கையில கிடைச்சான்னா” என்றான். நான் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். உரித்துச் சுளை சுளையாகக் கொடுத்தேன். சாப்பிட்டான். என் கையிலிருந்து வாங்கித்தான் சாப்பிட்டான்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது முடிவு செய்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை மறுபடி கண்டிக்குப் போய் அவனிடம் சொல்லுவேன். வியாழக்கிழமை நுவரெலியாவில் வழக்கு. கௌசி கூட வருகிறாள். அந்தக் குரல் என்னுடையதுதான் என்று சொல்லுவேன். நம்பாவிட்டால் அங்கேயே அதே குரலில் சொல்லிக்காட்டுவேன். பொலிஸிடம் பொய் சொன்னதற்கு என்னை உள்ளே வைத்தால் வைக்கட்டும். அப்பன் கொடுக்காத லொறிக்குப் பதிலாக மகன் முதுகைக் கொடுத்தான் என்று கௌசி சொல்லுகிறாள். அதுவும் இதுவும் ஒன்றாகாது என்றேன். அவன் சுமந்ததற்காகச் சொல்லப்போகவில்லை. அவன் செய்யாததை அவன் தலையில் கட்டக்கூடாது, அவ்வளவுதான்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் நடந்து முடிந்திருக்கும். ஜெயகாந்தனை நீ ஃபோனில் சபித்தாய் என்று லோஜினி சொன்னாள். அதைத் திரும்ப எடுத்துக்கொள். அவன் பெண்சாதி தனியாகத்தான் இருக்கிறாள், ஒரு வார்த்தை பேசு.

நீ நேரத்துக்குச் சாப்பிடு. நீ வேலை செய்கிற வீட்டுக் கிழவியைத் தூக்கி இறக்கி இடுப்பு நோகிறது என்றாயே, தனியாகத் தூக்காதே, இன்னொரு ஆளைக் கூப்பிடு. இறம்பொடை அனுமார் உன்னையும் மதுரனையும் பார்த்துக்கொள்ளட்டும். செயற்கைக் கால் போட்டு நடக்கலாம் என்று டாக்டர் சொன்னதைத் தினமும் நினைத்துக்கொள்.

மன்னித்துவிடு என்று எழுதத்தான் இவ்வளவு தூரம் எழுதி வந்தேன். அந்த வார்த்தைக்கு முன்னால் பேனா நிற்கிறது. வியாழக்கிழமை செல்லசாமி மகனை வீட்டுக்கு அனுப்பிவைப்பேன், அப்பனை என்னால் விடமுடியவில்லை. முப்பத்தொரு வருஷமாக நான் யாருக்கும் கொடுக்காததை உன்னிடம் எந்த வாயால் கேட்பது. ஃபோனை எடுத்து இரண்டு வார்த்தை திட்டு. அது போதும்.

இப்படிக்கு,
செல்லசாமியை இன்றைக்கும் மன்னிக்காத
உன் அம்மா அன்னம்மா