ஐம்பத்திரண்டு வயதுக் கதாநாயகி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் மூட்டு வலியும் குறைவில்லாமல் நன்றாகவே இருக்கிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, கொஞ்சமாவது தூங்கி, நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதத்தை அப்பா இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். வார்டுக்குத் தலைமை நர்ஸாக இருக்கச் சொல்கிறார்கள், திங்கட்கிழமை போய் வேண்டாமென்று சொல்லிவிடப் போகிறேன், முன்னாடி நின்னு பேசறதுக்கு நான் என்ன கதாநாயகியா, பின்னாடி இருந்து வேலை பாக்கத்தான் எனக்கு வரும் என்று எழுதியிருக்கிறாய். எனக்குச் சுருக்கென்றது. அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் அதற்கு முன்னால் ஒரு சங்கதி இருக்கிறது, கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுப் படி. உன் அம்மா கதாநாயகி ஆகிவிட்டாள். சிரிக்காதே.

எங்கள் பஸ் டெப்போ ஆண்டு விழா நாடகம்தான் உனக்குத் தெரியுமே. பகலெல்லாம் பஸ் சீட்டுக்கு உறை தைத்துவிட்டு, சாயங்காலம் திரைக்குப் பின்னால் நின்று எல்லோருக்கும் வசனம் எடுத்துக் கொடுக்கிறவள் நான். டைம்கீப்பர் எழுதுகிற நாடகத்தில் கதாநாயகிக்கு வேலையே கிடையாது, பளபளவென்று உடுத்திக்கொண்டு முதல் காட்சியில் வெட்கப்பட வேண்டும், கடைசிக் காட்சியில் அழ வேண்டும், அவ்வளவுதான். இந்த வருஷம் அந்த வேஷம் கட்ட இருந்த டிக்கெட் கவுண்டர் பெண்ணுக்கு, விழாவுக்கு முதல் நாள் பார்த்துப் பொன்னுக்கு வீங்கி வந்து முகம் பூசணிக்காய் ஆகிவிட்டது. வசனம் முழுக்கத் தெரிஞ்ச ஆள் நீங்க ஒருத்தர்தான்க்கா என்று டைம்கீப்பர் கெஞ்சினார். இந்த வயசுல உனக்கு எதுக்குடி இந்த வேஷம் என்று உன் அப்பா முணுமுணுத்தார், இருந்தாலும் என் இடத்தில் நின்று வசனம் எடுத்துக் கொடுக்க ஒப்புக்கொண்டார்.

மேடையேறி வாயைத் திறந்தால் சத்தமே வரவில்லையடி! திரைக்குப் பின்னால் கிசுகிசுத்தே பழகிய தொண்டை, அங்கேயும் கிசுகிசுத்தது. கடைசி வரிசையிலிருந்து கண்டக்டர்களெல்லாம் கேக்கலை, கேக்கலை என்று கத்தினார்கள். போதாக்குறைக்குக் கதாநாயகன் வேஷம் போட்ட மெக்கானிக் (ஸ்பேனர் என்று கூப்பிடுவோமே, அவன்தான்) காதல் காட்சியில் என்னை அக்கா என்று கூப்பிட்டுத் தொலைத்தான். ஹாலே குலுங்கிச் சிரித்தது. மானம் போயிற்று, பின் வாசல் வழியாக வீட்டுக்கு ஓடிவிடலாம் என்றுதான் பார்த்தேன். கடைசிக் காட்சியில் ஆலையை மூட வந்த முதலாளியைக் கதாநாயகன் மார்தட்டிக் கேள்வி கேட்க வேண்டும், நான் ஓரமாக நின்று அழ வேண்டும். ஸ்பேனருக்கு வசனம் மறந்துபோயிற்று. திரைப் பக்கம் பார்த்தால் உன் அப்பா, கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்த மகானுபாவர், தாளை விளக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு திருதிருவென்று முழிக்கிறார். பழக்கத்தில் கிசுகிசுக்கத்தான் வாயைத் திறந்தேன், எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம், அழுகையை விட்டுவிட்டு முன்னால் வந்து அவன் வசனத்தை நானே பேசினேன். கதவை மூடறது நீங்களா இருக்கலாம், திறக்கப் போற கை எங்களோடதுதான் என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். கடைசி வரிசை எழுந்து நின்று கை தட்டியது. என் நாடகத்துக்கு இப்பத்தான்யா ஒரு கதாநாயகி வந்திருக்கா என்று டைம்கீப்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முணுமுணுத்த உன் அப்பா இப்போது கடைத்தெருவில் தன்னை ஹீரோயின் வீட்டுக்காரர் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார், எனக்கும் பெருமை தாங்கவில்லை.

இனி உன் விஷயம். அழகாக இருக்கிறவளுக்கும் முன்னால் நிற்கிறவளுக்கும்தான் கதாநாயகி என்கிற பேர் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையடி, கதை நின்றுபோகிற இடத்தில் எவள் அதை நகர்த்துகிறாளோ அவளுக்குத்தான் அது. போன மாதம் வார்டில் கரண்ட் போனபோது டாக்டர்களையே நீதான் வேலை வாங்கினாயாம், ஒரு நோயாளிக்கும் ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொண்டாயாம். உன் அறைத்தோழி அப்பாவிடம் போனில் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது, நீ மூச்சு விடவில்லை. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை, மேடையில் கை தட்டியபோது கூட இல்லை. எல்லோர் வசனமும் தெரிந்தவள் பின்னாலேயே நிற்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? முதலில் குரல் வராது, சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள், நின்றுகொண்டே சாப்பிடாதே. கண்ணாடி விஷயத்தை அப்பாவிடம் கேட்டுவிடாதே, ரோஷக்காரர். என் கண்ணே, நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், உன் கையில் வருகிறவர்களெல்லாம் பிழைத்துப் போகட்டும். திங்கட்கிழமை பதில் சொல்லும்போது மட்டும் கிசுகிசுக்காதே. கடைசி வரிசையில் நானும் அப்பாவும் உட்கார்ந்திருக்கிறோம், எங்களுக்குக் கேட்க வேண்டும்.

உன்
அம்மா