மூன்று வசனம் மேலே

சிலமலை
6-1-2025

அன்புள்ள தம்பி சீலாசுக்கு,

உன் அக்கா லோயிசாள் எழுதுவது. நலமாக இருக்கிறேன் என்று பொய் எழுத மாட்டேன். நீயும் உன் வீட்டாரும் நலமாக இருங்கள்.

சபையின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டாய். போன் போட்டால் எடுப்பதில்லை. நேரில் வந்தால் தெருவே கூடுகிற மாதிரி கத்திவிடுவேன். அதனால் எங்களைத் தோட்டத்துக்கு ஏற்றிப்போகிற ஜக்கையன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். "லெட்டரா? பாஸ்டரு தம்பிக்கா?" என்று அவன் வாயைப் பிளந்தான். "பேசாமக் கொண்டுபோய்க் குடுடா" என்றேன்.

நான் செய்த குற்றம் என்ன? ஒரு கேள்வி கேட்டேன். புத்தாண்டு ஆராதனையில், இந்த வருஷத்துக்குக் கர்த்தர் தரும் வாக்கு என்று தட்டை நீட்டி ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுக்கச் சொன்னாய். எனக்கு வந்தது யோபு புத்தகம், எட்டாம் அதிகாரம், ஏழாம் வசனம். தொடக்கம் சின்னதாக இருந்தாலும் முடிவு நிறைவாக இருக்குமாம். நம் ஊரில் பாதிக் கிறிஸ்தவர் வீட்டு வாசலில் தொங்குகிற வசனம்தான். நானும் சுவரில் ஒட்டினேன். மறுநாள் ஏலத்தோட்டத்தில் சாப்பாட்டு நேரம், என்னோடு காய் எடுக்கும் பெண்களுக்கு வேதத்தைத் திறந்து பெருமையாக வாசித்தும் காட்டினேன். இருளம்மாள் நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவள், எழுத்துத் தெரியாதவள். அவள்தான் கேட்டாள்: "ஏ லோயிசு, இது யாரு பேசுறது? உங்க சாமியா?"

எனக்குத் தெரியவில்லை. அதற்கு மேலே இருக்கிற வசனங்களைப் பார்த்தேன். பேசுவது கர்த்தர் இல்லை. யோபுவுக்கு ஆறுதல் சொல்ல வந்த மூன்று நண்பர்களில் பில்தாத் என்று ஒருவன். பிள்ளைகளைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கிற மனுஷனிடம், அதே பேச்சில், மூன்று வசனம் மேலே, உன் பிள்ளைகள் தங்கள் பாவத்தால்தான் போனார்கள் என்கிற மாதிரி சொல்கிறான். வாசித்ததும் தூக்குவாளியை மூடி வைத்துவிட்டேன்.

ஏனென்றால் போன அக்டோபரில் என் மகள் தமிழினியின் குழிக்கரையில், ஒலிபெருக்கியில் நீ சொன்னதும் அதுதான். போடிமெட்டு வளைவில் ஜீப்பு கவிழ்ந்தது, ஓய்வுநாளை மீறியதற்குக் கிடைத்த தண்டனை என்றாய். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காய்ச்சல். வேலை போய்விடுமே என்று என் இடத்தில் அவள் போனாள். அதனால்தான் குழுவில் கேட்டேன்: பில்தாத் சொன்னது சரியா, தவறா? சரியென்றால் என் பிள்ளையைக் கொன்றது நான். எனக்குப் பதில் வேண்டும்.

உன் அக்கா
லோயிசாள்


போடி
9-1-2025

கர்த்தருக்குள் பிரியமான சகோதரி லோயிசாள் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்களுக்காக வீட்டில் தினமும் ஜெபிக்கிறோம்.

வேதம் ஆழமானது. கல்லூரியில் நான்கு வருடம் அதையே படித்த எனக்கே பல இடங்கள் பிடிபடுவதில்லை. ஏலச்செடிக்கடியில் உட்கார்ந்து, ஞானஸ்நானம்கூடப் பெறாத பெண்களோடு ஆளுக்கொரு அர்த்தம் சொன்னால் அது கள்ள உபதேசத்தில் போய் முடியும். சந்தேகம் இருந்தால் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு வாருங்கள், நான் விளக்குவேன். தோட்டத்து வாசிப்பை நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் தங்களுக்குத் திருவிருந்து கொடுக்க வேண்டாம் என்று சபைப் பெரியவர்கள் சொல்கிறார்கள். என் நிலைமையையும் யோசியுங்கள்.

ஊழியத்தில்,
பாஸ்டர் சீலாஸ்


சிலமலை
6-2-2025

தம்பி,

"சகோதரி லோயிசாள் அவர்களுக்கு" என்று எழுதியிருந்தாயே, யாருக்கோ வந்ததை ஜக்கையன் மாற்றிக் கொடுத்துவிட்டானோ என்று கண்ணாடியை மாட்டி இரண்டு முறை பார்த்தேன்.

கேள்விக்குப் பதில் வரவில்லை, மிரட்டல் வந்தது. சரி, நாங்களே தேடிக்கொண்டோம். யோபுவை முதல் வசனத்திலிருந்து வாசித்தோம், ஒரு நாளைக்கு இரண்டு அதிகாரம். தூக்குவாளியைக் கழுவி வைத்ததும் நான் வாசிப்பேன், ஏழு பேர் கேட்பார்கள். எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். யார் பேசுவது, யாரிடம், அதற்கு முன்னால் என்ன நடந்தது, இதைச் சொல்லாமல் யாரும் அர்த்தம் சொல்லக்கூடாது. புரிந்த மாதிரி தலையாட்டினால் இருளம்மாள் விடமாட்டாள். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுத்தா. யாரு அடிக்கப் போறா?" என்பாள்.

தப்பும் பண்ணினோம். எலிகூ என்று ஒருவன் பேச வந்ததும், இவனாவது யோபு பக்கம் நிற்பான் என்று அடித்துச் சொன்னேன். மறுநாளே அவனும் அதே பல்லவியைப் பாடினான். சொன்னதை எல்லார் முன்னாலும் வாபஸ் வாங்கினேன். என் தலை ஒன்றும் போய்விடவில்லை.

நேற்று முடித்தோம். கடைசியில் கர்த்தரே பேசுகிறார். பில்தாத்தும் மற்ற இருவரும் தம்மைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று கோபப்படுகிறார். கேள்வி கேட்டுக் கத்தின யோபு மேல் அந்தக் கோபம் இல்லை, தம்பி. கர்த்தருக்கு வக்காலத்து வாங்கினவர்கள் மேல்தான்.

இன்னொன்றும் பார்த்தோம். பிள்ளைகள் ஏன் செத்தார்கள் என்று அவர் யோபுவிடம் கடைசிவரை சொல்லவே இல்லை. மழையைப் பற்றி, மானைப் பற்றி, குதிரையைப் பற்றி அத்தனை பேசினவர் இதை மட்டும் சொல்லவில்லை. கர்த்தர் யோபுவுக்கே சொல்லாத காரணம், குழிக்கரையில் உனக்கு எப்படித் தெரிந்தது?

செடிக்கடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். நாலு மாதம் கழித்து நேற்றுதான் மூச்சு விட்ட மாதிரி இருந்தது. திருவிருந்து தராவிட்டால் போ. வாசிப்பை நிறுத்த மாட்டேன். அடுத்தது ரூத் புத்தகம்.

லோயிசாள்


போடி
10-2-2025

அன்புள்ள அக்கா,

மூன்று நாளாக உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறேன். உண்மையைச் சொல்கிறேன், யோபுவை நான் முழுதாக வாசித்ததே இல்லை. கல்லூரியில் குறிப்பு கொடுத்தார்கள், பரீட்சை எழுதினேன்.

அன்றைக்கு என் மருமகளின் பெட்டிக்கு முன்னால் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஜனங்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாஸ்டர் என்றால் ஏதாவது காரணம் சொல்லியாக வேண்டும் போல் இருந்தது. சொன்னது தவறு அக்கா.

நாளை சாயங்காலம் வீட்டுக்கு வந்து உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். சபையில் மட்டும் இதைக் கிளப்பாதே. பாஸ்டரே தவறாகச் சொன்னார் என்றால் அப்புறம் யார் என் பேச்சைக் கேட்பார்கள்?

சீலாஸ்


சிலமலை
12-2-2025

தம்பி,

நேற்று நீ கதவைத் தட்டியபோது உள்ளேதான் இருந்தேன். அரை மணி நேரம் நின்றாய். எனக்கு வலிக்காமல் இல்லை.

நீ என் காதோடு வந்து சொல்லவில்லை. முந்நூறு பேர் கேட்கச் சொன்னாய். இன்றைக்கும் கடைக்குப் போனால் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள். சபையின் முன்னால் என் பிள்ளை மேல் போட்ட பழியைச் சபையின் முன்னால்தான் எடுக்க வேண்டும். யார் என் பேச்சைக் கேட்பார்கள் என்கிறாய். கேட்க வேண்டாமே! அவர்களே திறந்து வாசிக்கட்டுமே. அதற்குத்தானே ஆளுக்கொரு வேதம் கையில் இருக்கிறது?

கடைசி அதிகாரத்தில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அந்த மூன்று பேரையும் கர்த்தர் யோபுவிடமே போகச் சொல்கிறார். யோபு அவர்களுக்காக ஜெபிக்க வேண்டுமாம். அந்த இடத்தை என்னால் சத்தமாக வாசிக்க முடியவில்லை. உனக்காக ஜெபிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எட்டுப் பேரும் வருகிறோம், இருளம்மாளும்தான். நீ சொல்லாவிட்டால் நானே எழுந்து அந்த அதிகாரத்தை வாசிப்பேன். யார் தடுக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.

லோயிசாள்


போடி
15-2-2025

அக்கா,

இன்று காலையிலிருந்து நாற்பத்திரண்டு அதிகாரத்தையும் உட்கார்ந்து வாசித்தேன். பெரியவர்களிடம் சொல்லிவிட்டேன். இரண்டு பேர் நாளைக்கு வரமாட்டார்களாம். "தோட்டத்துப் பொம்பளைங்க பேச்சைக் கேட்டு ஆடுறீங்களா பாஸ்டர்?" என்றார் ஒருவர். ஆமாம் என்றேன்.

நாளை தமிழினி பெயரைச் சொல்லி, குழிக்கரையில் நான் சொன்னது பொய் என்பேன். அவள் ஏன் போனாள் என்று எனக்குத் தெரியாது என்றும் சொல்வேன். சொல்லிவிட்டு அங்கேயே முழங்கால் போடுவேன். இதுவரை பெண்கள் ஏறாத மேடைதான். நீ ஏறி வா. ஜெபிக்க மனம் வராவிட்டாலும் பக்கத்தில் வந்து நில்.

உன் தம்பி
சீலாஸ்