கூரை தொடாத சுவர்

2008 மார்ச் 11, செவ்வாய்

என்னை அடித்ததற்காக, வீட்டுக்குள் வரக்கூடாது என்று நீதிமன்றம் கட்டளை போட்டதும், என் புருஷன் எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்திலேயே அடுத்த காம்பராவில், தன் தம்பி வீட்டில் போய் இருந்துகொண்டார். தினமும் அங்கிருந்தே ஏச்சும் மிரட்டலும். இன்று மாத்தளைக்குப் போய் நீதவானிடமே சொன்னேன்.

“ஐயா, எங்க லயத்துல நடுச்சுவரு கூரை வரைக்கும் போகாதுங்க. அங்க கத்துனா என் காதுல கத்துற மாதிரிதான்.”

லயத்துப் பக்கமே வரக்கூடாது என்று கட்டளையை மாற்றினார்.

திரும்பும்போது பஸ்ஸில் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர், “கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாமேம்மா” என்றார்.

“நீங்க பொறுத்துக்கங்க தலைவரே. அவர உங்க வீட்டுல வச்சுக்கங்க.”

தலைவர் எழுந்து முன் சீட்டுக்குப் போய்விட்டார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் புருஷன் பெட்டியோடு போய்விட்டார். தம்பியும் துணைக்குப் போனான். சற்று நேரத்தில் தம்பி பெண்சாதியின் குரல் சுவருக்கு மேலாக மெல்ல வந்தது.

“அக்கா, கோர்ட்டுக்கு எந்த பஸ்ல போகணும்?”

“நாளைக்குக் கொழுந்துக்குப் போகாத. நானும் வர்றேன்.”