புறங்கையில் பட்ட கடல் சூடு

நியூசிலாந்துக் கடல்
14.8.1983

அன்புள்ள அப்பாவுக்கு, தங்கராஜு வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். கேமரன் மலையில் மழை விட்டதா? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? தேயிலை பேக்டரியில் இலை உலர்த்தும் டிரையர் பக்கம் இன்னும் நீங்கள்தானா?

எங்கள் கப்பல் கடலுக்கடியில் இருக்கும் எரிமலையின் சூட்டை அளக்கிறது. அதிலிருந்து கரண்ட் எடுக்க முடியுமா என்று பார்க்கிறோம். கம்பியில் கட்டி இறக்கிய வெப்பமானி மூன்று நாளாக வெறும் குளிரையே காட்டியது. எங்கள் ஆய்வுக் குழுத் தலைவர் திரும்பிவிடலாம் என்றார். திரும்பினால் இந்தத் தேடலே நின்றுபோகும். அப்போது இரும்பு வாளியில் கடலடிச் சேறு மேலே வந்தது. "மீட்டரு பொய் சொல்லும்லா, புறங்கை சொல்லாது" என்று சொல்லிக்கொண்டே டிரையர் குழாயைத் தொட்டுப் பார்ப்பீர்களே, அதே மாதிரி நானும் சேற்றில் புறங்கையை வைத்தேன். சுட்டுவிட்டது. வெப்பமானியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே உப்புத் தண்ணீர். வேறொன்றை இறக்கியதும் முள் எகிறியது. இன்னும் ஒரு மாதம் இங்கேயே வேலை.

சின்னக் கொப்புளம்தான், ஆறிவிட்டது. சூட்டில் கை வைக்கக் கூடாது என்றுதான் என்னைப் படிக்க வைத்தீர்கள். கோபப்படாதீர்கள். பத்து இருபது வருஷத்தில் விறகும் எண்ணெயும் இல்லாமல் ஊருக்கே விளக்கெரியும் என்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

அரைக் கிலோ தேயிலைத் தூள் அனுப்புங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், தமிழ்ப் பேப்பரில் சுற்றுங்கள். பழைய செய்தியானாலும் பரவாயில்லை. தபால் மூட்டையைக் கட்டுகிறார்கள், முடிக்கிறேன். நாலைந்து தாளாகவே சுற்றுங்கள் அப்பா.

உங்கள் மகன்,
தங்கராஜு